பெருங்களத்தூரில் பிறந்த திறந்த கார்: மீட்டர் குறைவா ஓடியிருந்தா விலை கூடுமா?

பழைய கார் விற்கும் வீடுகளில் முதலில் காதில் விழும் வாக்கியங்கள் மூன்று. "ஒரே ஓனர்." "ரொம்ப கம்மியாத்தான் ஓடியிருக்கு." "ஷெட்டை விட்டு வெளியவே எடுத்ததில்ல." ஐந்து வருட ஸ்விஃப்டை விற்பவர் இதைச் சொன்னால் விலை கொஞ்சம் ஏறும். அறுபது வருட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கன்வர்ட்டிபிளை விற்பவர் சொன்னால்? மூன்றாவது வாக்கியத்திலேயே விவரம் தெரிந்த வாங்குபவர் மனசுக்குள் செலவுக் கணக்கு போட ஆரம்பித்துவிடுவார்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் தனி வீடுகள் ஒவ்வொன்றாக பில்டர் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஜாயின்ட் வென்ச்சர் கையெழுத்தாகிறது, மூன்று மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஹாலில் இருக்கும் தேக்கு பீரோவைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பின்பக்க ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும் அப்பாவின் காரை என்ன செய்வது? மகன் பெங்களூரில் ஐ.டி. வேலையில், மகள் வெளிநாட்டில் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் ஃபேமிலி குரூப்பில் ஒரு வாரம் விவாதம் நடக்கும். கடைசியில் "யாராவது நல்ல ஆளா பார்த்து கொடுத்துடலாம்" என்று முடியும். அந்த "கொடுத்துடலாம்"க்குப் பின்னால் இருக்கும் வேலை பலருக்குத் தெரிவதில்லை.

ஜி.எஸ்.டி. ரோட்டின் சொந்தக் கார்

ஹெரால்டு இந்தப் பகுதிக்கு அன்னியமான கார் கிடையாது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948-ல் தொடங்கப்பட்டது. பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் இது. ஆலை இருந்தது பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம். முதலில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்ட் டென், அதன்பின் 1961-ல் ஹெரால்டு. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு: 1960-களில் இந்தியாவில் புதுக் கார் வாங்க நினைத்தவருக்கு இருந்த தேர்வு கிட்டத்தட்ட இந்த மூன்றுதான். அதில் ஒன்று தாம்பரத்தைத் தாண்டினால் வரும் ஆலையில் உருவானது.

இதன் மூலக் கார் 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. 948 சி.சி. இன்ஜின். பானெட்டைத் திறந்தால் மட்கார்டோடு சேர்த்து மூக்கு முழுக்க முன்பக்கம் சாயும். மெக்கானிக் டயர் மேலே உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். ஆட்டோ திரும்புகிற மாதிரி சுமார் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும். இந்தக் காருக்கு சேஸிஸ் தனி, மேலே உள்ள பாடி தனி. பாடியின் பகுதிகள் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. கூரையும் அப்படித்தான்.

1960-களின் கடைசியில் இந்தியாவுக்கென்றே நாலு கதவு ஹெரால்டு வந்தது. 1972-ல் கேஸல். அப்புறம் நீண்ட இடைவெளி. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் வந்து தோற்றது. 1988 வாக்கில் உற்பத்தி நின்றது. ஆலை இருந்த நிலத்தில் இன்று ஐ.டி. வளாகமும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. தினமும் அந்த கேட்டுக்குள் ஐ.டி. கார்டு காட்டி நுழையும் பலருக்கு, அதே மண்ணில் கார் செய்தார்கள் என்பதே செய்தியாக இருக்கும்.

நிஜமான கன்வர்ட்டிபிளா, கூரை கழற்றினதா?

கூரை போல்ட்டில் நிற்கிறது என்பது இந்தக் காரின் அழகு. விற்கும்போது அதுவே தலைவலி. சாதாரண ஹெரால்டு வாங்கி, ஆசைக்குக் கூரையைக் கழற்றி, மேலே கேன்வாஸ் ஹூட் போட்டுக்கொள்ள முடியும். அதனால் திறந்த ஹெரால்டு ஒன்று விற்பனைக்கு வந்தால் எழும் முதல் கேள்வி இதுதான்: இது ஆலையிலிருந்தே இப்படி வந்ததா, இல்ல நடுவுல யாராவது மாத்தினாங்களா?

இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் கார் வைத்திருப்பவர், கேடன் கிராமத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்குப் பணம் கட்டி, பழைய உற்பத்திப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் வாங்கலாம். இங்கே கம்பெனியே கலைக்கப்பட்டுவிட்டது. ஆகவே வீட்டில் இருக்கும் காகிதம்தான் சாட்சி. பழைய ஆர்.சி. புத்தகத்தில் 'பாடி வகை' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பதோடு பொருந்துகின்றனவா, முதல் பில் இருக்கிறதா, அந்தக் கால ஃபோட்டோ ஏதாவது இருக்கிறதா. அப்பா அம்மாவோடு கல்யாணமான புதிதில் மகாபலிபுரம் போய் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் பின்னால் இதே நம்பர் பிளேட்டோடு திறந்த கார் நின்றால், அந்தப் படம் ஒரு கோட் புது பெயின்ட்டை விட மதிப்புள்ளது. ஆல்பத்தைக் கிழிக்க வேண்டாம், ஸ்கேன் போதும்.

இது வெறும் கௌரவப் பிரச்சினை கிடையாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. ஆர்.சி.யில் 'சலூன்' என்று இருந்து, வண்டி திறந்த காராக நின்றால், ஆய்வுக்கு வரும் மோட்டார் வாகன ஆய்வாளர் கையெழுத்துப் போடத் தயங்குவார். வாங்குபவர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார். மாற்றிய வண்டி என்று தெரிந்தால் அதை மறைக்காமல் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்பதே விற்பவருக்கும் பாதுகாப்பு. பின்னாடி வழக்கு வாய்தான்னு அலைய வேண்டாம்.

மீட்டர் சொல்வதும் வண்டி சொல்வதும்

அந்தக் கால மீட்டர்களில் பெரும்பாலும் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். மீட்டர் கேபிள் அறுந்தால் வண்டி ஓடும், எண் ஓடாது. கேபிள் மாற்ற சோம்பல்பட்டு பத்து வருஷம் ஓட்டிய வீடுகள் உண்டு. எனவே "38 ஆயிரம்" என்று மீட்டர் காட்டினால் அது 38 ஆயிரமாகவும் இருக்கலாம், ஒரு லட்சத்து 38 ஆயிரமாகவும் இருக்கலாம். மைலா கிலோமீட்டரா என்பதையும் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.

குறைந்த ஓட்டத்துக்கு நம்பகமான சாட்சி வேறு இடங்களில் கிடைக்கும். பிரேக் பெடல், கிளட்ச் பெடல் ரப்பரின் தேய்மானம். டிரைவர் பக்கக் கதவின் கீல் தொங்குகிறதா என்பது. பழைய சர்வீஸ் பில்களில் தேதியோடு எழுதியிருக்கும் மீட்டர் எண். பெட்ரோல் போட்டதைக்கூட டைரியில் குறித்துவைக்கும் அப்பாக்கள் இருந்தார்கள். அந்த டைரி கிடைத்தால் பொக்கிஷம்.

ஆனால் குறைவாக ஓடியது என்பது உண்மையாகவே இருந்தாலும், அதற்கு ஒரு விலை இருக்கிறது. நின்ற வண்டி தூங்குவதில்லை, மெல்ல கெட்டுப்போகிறது. பிரேக் வீல் சிலிண்டருக்குள் ரப்பர் இறுகிவிடும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். டேங்கில் பெட்ரோல் பிசினாகி, அடியில் துரு படியும். டயரில் பள்ளம் அப்படியே இருக்கும், பக்கவாட்டில் வெடிப்பு விட்டிருக்கும். ஹூட் கேன்வாஸில் பூஞ்சை, மடிப்பில் எலி.

ஹெரால்டுக்கென்றே இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் அவுட்ரிக்கர்கள்; பாடியின் எடையைத் தாங்கும் அவை கீழே இருப்பதால் முதலில் துருப்பிடிக்கும். கன்வர்ட்டிபிளில் கூரையின் பிடிமானமும் இல்லாததால் சேஸிஸ் பலம் இன்னும் முக்கியம். கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று இருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கலாம் என்று அர்த்தம். இரண்டாவது, முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியன். அதற்கு கியர் ஆயில் விட வேண்டும், கிரீஸ் அடிக்கக்கூடாது. வழக்கம்போல கிரீஸ் கன்னை வைத்து அடித்துவிட்டால் உள்ளே காய்ந்து, ஒருநாள் ரோட்டில் திரும்பும்போது சக்கரம் உள்பக்கமாக மடியும். சர்வீஸ் பில்லில் ட்ரன்னியனுக்கு ஆயில் விட்டதாக ஒரு வரி இருந்தால், அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டவருக்கு விஷயம் தெரியும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தென்சென்னை புறநகருக்கு இன்னொரு கேள்வி கூடுதலாக உண்டு: 2015 டிசம்பரில் வண்டி எங்கே நின்றது? முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் தாழ்வான தெருக்களில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த வருஷம் அது. 2023-ல் மிக்ஜாம் புயலின்போதும் பல இடங்களில் தண்ணீர் நின்றது. சேற்றுத் தண்ணீரில் இரண்டு நாள் நின்ற காரின் சேஸிஸ் உள்பக்கம் துருப்பிடிக்கும், வெளியே தெரியாது. வண்டி மேட்டில் நின்றது என்றால் அதைச் சொல்வதே ஒரு விற்பனைப் பாயின்ட். நனைந்தது என்றால், அதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஊர்க்காரர் யாரும் கேட்காமல் விடப்போவதில்லை.

ஆர்வக்கோளாறில் சாவியைப் போட்டுத் திருப்புவது பெரிய தப்பு. பல வருஷம் நின்ற இன்ஜினில் முதலில் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பழைய பெட்ரோலை முழுக்க இறக்க வேண்டும். பெட்ரோல் ஹோஸையும் மாற்றிவிடுவது நல்லது. இன்று பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20, 1960-களின் ரப்பர் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டதில்லை. ஹோஸ் கசிந்து சூடான மேனிஃபோல்டு மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதேபோல "கொஞ்சம் டிங்கரிங், பெயின்டிங் பண்ணி பளபளன்னு ஆக்கிட்டு வித்தா நல்ல ரேட் போகும்" என்று யோசனை சொல்ல பக்கத்து வீட்டில் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். விஷயம் தெரிந்தவர் துணியில் சுற்றிய காந்தத்தோடு வருவார். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். புது பெயின்ட் எதை மறைக்கிறது என்ற சந்தேகம்தான் அவருக்கு வரும். மங்கிப்போன ஒரிஜினல் பெயின்ட், கிழிந்த ஒரிஜினல் ரெக்ஸின் சீட் ஆகியவற்றுக்கு இந்த உலகத்தில் தனி மரியாதை. கலரே மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், அது தனி வேலை.

அப்பா பெயரில் இருக்கும் ஆர்.சி.

பெரும்பாலான விற்பனை சிக்கிக்கொள்வது இங்கேதான். வண்டி அப்பா பெயரில். அப்பா இறந்து ஆறு வருஷம். ஆர்.சி. காலாவதியாகி அதற்கும் முன்னால்.

விதிப்படி, உரிமையாளர் இறந்தால் வண்டியை வைத்திருக்கும் வாரிசு 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். எத்தனை வீட்டில் இதைச் செய்கிறார்கள்? துக்கம், பேங்க் கணக்கு, வீட்டுப் பட்டா என்று ஓடும் குடும்பம் ஷெட்டில் நிற்கும் காரை நினைப்பதில்லை. தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் வரும், அவ்வளவுதான், செய்துகொள்ள முடியும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவை வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரியின் சம்மதக் கடிதம் வந்து சேரவே வாரங்கள் ஆகலாம். பில்டர் கொடுத்த மூன்று மாதத்தில் பாதி இதிலேயே கரையும். எனவே விளம்பரம் கொடுப்பதற்கு முன்னால் தொடங்க வேண்டிய வேலை இது.

எம்.எஸ்., எம்.டி. என்று தொடங்கும் பழைய நம்பர்கள் பலவும் ஆன்லைனில் வாகன் தளத்தில் தேடினால் வராது. பயப்பட வேண்டாம், பழைய ஏட்டில் இருப்பதை அலுவலகத்தில் கணினியில் ஏற்ற வேண்டும். மெட்ராஸ் மாநிலக் காலத்து நம்பரை மாற்றாமல் காப்பாற்றுவது முக்கியம். சேகரிப்பாளர்கள் அந்த நம்பருக்கே ஆசைப்படுவார்கள்.

"15 வருஷம் ஆன வண்டியை ஓட்டவே கூடாதாமே?" என்ற பயம் இன்னும் போகவில்லை. அது டெல்லி சுற்றுவட்டாரத்துப் பஞ்சாயத்து. தமிழ்நாட்டில் சொந்த உபயோகக் காரை 15 வருஷத்துக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், வண்டி ஆய்வில் தேற வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஆனால் செலவு கூடியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 வருஷம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். பசுமை வரி தனி.

வின்டேஜ் பிளேட்: வாங்கலாமா, வேண்டாமா?

2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனிப் பகுதி சேர்த்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, வணிகத்துக்குப் பயன்படாத இருசக்கர, நான்குசக்கர வண்டிகள் இதில் வரும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. (காப்பீட்டுத் துறையின் பழைய டாரிஃபில் வின்டேஜ் என்றால் 1940 முடிவதற்கு முன்னால் செய்தது. ஒரே நாட்டில் ஒரே சொல்லுக்கு இரண்டு வயசு!) புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, மறுபதிவுக்கு 5,000. புதிதாகப் பதியும் வண்டிக்கு மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும் நம்பர். ஏற்கெனவே இங்கே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். விற்பனை செய்தால் இருவரும் 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்.

கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் அடுத்த விதியில்: வின்டேஜாகப் பதிந்த வண்டியை வழக்கமான போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். வரை ஒரு ரவுண்டு போய் இட்லி சாப்பிட்டு வருவது இதில் எதில் சேரும்? பராமரிப்பு என்று சொல்லலாம். ரோட்டில் நிறுத்தும் எஸ்.ஐ. ஒத்துக்கொள்ள வேண்டுமே. நின்றால் கெட்டுப்போகும் ஒரு பொருளை, ஓட்டாமல் வைத்திரு என்று சொல்லித்தான் பாதுகாக்கிறது இந்த விதி. அரசு தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. சீட் பெல்ட் இல்லாத, இன்றைய புகைக் கட்டுப்பாட்டுக்குப் பல பத்தாண்டு முன்னால் செய்த வண்டி தினமும் ஆபீஸ் போனால் கேள்வி வரத்தான் செய்யும். ஆனால் பிரிட்டனில் 40 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத காருக்குச் சாலை வரியும் கிடையாது, வருடாந்தர எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லை, ஓட்டவும் இப்படியொரு தடை இல்லை. மாதத்துக்கு இத்தனை நாள், வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று தெளிவாக ஒரு வரம்பு வைத்தாலே இங்கே பாதிப் பிரச்சினை தீரும்.

அது வரும்வரை, விற்பதற்கு முன்னால் அவசரப்பட்டு வின்டேஜ் பதிவு வாங்குவதில் அர்த்தமில்லை. சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்து விற்றால், ஓட்ட ஆசைப்படுபவரும் வாங்கலாம், ஷெட்டில் வைக்க ஆசைப்படுபவரும் வாங்கலாம். வின்டேஜ் பதிவு செய்துவிட்டால் முதல் கூட்டம் விலகிவிடும். வேண்டுமென்றால் அதை வாங்குபவர் செய்துகொள்ளட்டும்.

வரி விஷயத்தில் ஒரு திருப்பம்

சொந்த உபயோகக் காரை விற்றால் லாபத்துக்கு வரி இல்லை, ஏனென்றால் அது தனிப்பட்ட உபயோகப் பொருள் என்பது பொதுவான எண்ணம். பொதுவாக அது சரிதான். ஆனால் 2025 இறுதியில் பாம்பே உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பழைய கார் வைத்திருப்பவர்கள் படிக்க வேண்டும். 1931-ம் ஆண்டு ஃபோர்டு டூரர் ஒன்றை ஒருவர் 1983-ல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, 1990-களின் தொடக்கத்தில் 21 லட்சத்துக்கு விற்றார். கார் என்றால் சொந்த உபயோகத்துக்கு ஏற்றதுதானே என்ற வாதம் எடுபடவில்லை. உண்மையில் சொந்தமாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு, லாபத்துக்கு வரி உண்டு என்று நீதிமன்றம் முடித்துவிட்டது.

"ஷெட்டை விட்டு வெளியவே எடுத்ததில்ல" என்று விளம்பரத்தில் பெருமையாக எழுதுபவர் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கலாம். அப்பா தினமும் ஆபீஸ் போன கார், குடும்பம் கோயிலுக்குப் போன கார் என்பதற்கான பில்களும் படங்களும் இங்கேயும் உதவும். தொகை பெரியது என்றால் விற்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்பது நல்லது.

வாங்க வருபவர்கள்

விலை எவ்வளவு? இணையத்தில் பார்ப்பதெல்லாம் கேட்கும் விலை, விற்ற விலை கிடையாது. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப், ஹிஸ்டாரிக்கல் கார் அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்று சென்னையிலேயே அமைப்புகள் இருக்கின்றன. அவர்களின் பேரணிக்கு ஒருநாள் போய் நாலு பேரிடம் பேசினால் புரோக்கர் பத்து நாளில் சொல்லாதது தெரியவரும். ஹெரால்டு ஓட்டுபவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். வண்டி விற்பனைக்கு வருகிறது என்ற செய்தி தாம்பரத்தில் தொடங்கினால் சாயங்காலத்துக்குள் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்துவிடும்.

பொது விளம்பரம் கொடுத்தால் வேறு மாதிரி ஆட்களும் வருவார்கள். "நான் ஆர்மியில இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, வண்டியைப் பார்க்காமலே எடுத்துக்கறேன், அட்வான்ஸுக்கு கியூ.ஆர். கோட் அனுப்பறேன்" என்பது பழகிப்போன மோசடி. விமானப்படைத் தளம் இருக்கும் தாம்பரத்தில் இந்த வேஷம் கூடுதலாக எடுபடும். பணம் வாங்குவதற்குக் கோட் ஸ்கேன் பண்ணவும் வேண்டாம், யு.பி.ஐ. பின் போடவும் வேண்டாம். பின் கேட்டால் அங்கே பணம் போகப்போகிறது, வரப்போவதில்லை. அறுபது வருஷக் காரைப் பார்க்காமலே வாங்க ஒருவர் சம்மதிக்கிறார் என்பதே சந்தேகப்படப் போதுமான காரணம்.

நல்ல வாங்குபவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்ப்பார். இரண்டாவது முறை மெக்கானிக்கோடு வருவார். குறை சொல்வார். அவர்மேல் எரிச்சல்படக் கூடாது; விலை பேசுவது அவர்தான்.

பணம் கைக்கு வந்ததும் "சார், நாங்க டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கறோம்" என்று வெற்றுப் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். போடக் கூடாது. படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பி, விற்பவர் தன் பங்கை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவருக்கு 30 நாள். வெளி மாநிலத்துக்குப் போகிறது என்றால் படிவம் 28, அதாவது தடையில்லாச் சான்று. 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: வண்டி கைமாறி எத்தனை பேரிடம் போயிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. பிரேக் அறுபது வருஷப் பழசாக இருக்கும் வண்டியில் இந்த ரிஸ்க் சின்ன விஷயம் இல்லை. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த மீட்டர் எண்ணோடு வண்டி ஒப்படைக்கப்பட்டது என்ற டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டு, அதை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் ராத்திரி தூக்கம் வரும்.

ஷெட்டின் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். உள்ளே பழைய டிஸ்ட்ரிபியூட்டர் கேப், ஒற்றை ஹப் கேப், ஹூட்டை மடிக்கும் ஒரு கம்பி, காகிதத்தில் சுற்றிய பேரிங், எண்ணெய்க் கறை பிடித்த ஓனர்ஸ் மேனுவல். வீடு காலி செய்யும் அவசரத்தில் இதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். ஹெரால்டுக்குப் பாகம் தேடி அலைபவருக்கு அந்தப் பெட்டிக்காகவே சில ஆயிரங்கள் கூடுதலாகக் கொடுக்கத் தோன்றும். வண்டியோடு சேர்த்தே கொடுத்துவிட்டு, இத்தனை காலம் பார்த்துக்கொண்ட மெக்கானிக்கின் நம்பரையும் அதில் எழுதி வைத்துவிடலாம். வாங்கியவர் முதல் வாரத்திலேயே அவரைக் கூப்பிடுவார்.